எட்டாத மூலை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தக் காலத்தில் அடுப்படியில் கேபினெட் போடும் வழக்கம் இல்லை. இருந்திருந்தால், 'கேபினெட் போட்டுப் பார்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு வகுப்பறைக்குள் நுழைந்த நாள் முதல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். நீளம், அகலம், பரப்பளவு, கனஅளவு எல்லாவற்றையும் கரும்பலகையில் போட்டுக் காட்டியவள். அப்படிப்பட்ட நானே என் சொந்தக் குசினியில் ஒரு மூலைக் கணக்கில் தவறிவிட்டேன். அந்தத் தவறுக்கு என் தாயார் தம் தோள்பட்டையால் விலை கொடுத்தார். என்னைப் போலத் தோட்டத்திலிருந்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகும் சகோதரிகளுக்கு இது உதவட்டும் என்றுதான், வெட்கத்தை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

அம்மா பால்மரம் வெட்டியவர். நாங்கள் வளர்ந்தது லயத்து வீட்டில். வீட்டின் பின்புறம், தாழ்ந்த தகரக் கூரையின் கீழ் எங்கள் குசினி. புகை படிந்து கறுத்த சுவர். ஆனால் அந்தக் குசினியில் ஒரு மூலையும் வீணானதில்லை. ஒரு மூலையில் விறகடுப்பு. ஒரு மூலையில் தண்ணீர்த் தோம்பு. மூன்றாவதில் அம்மி. நான்காவதில் அரிசித் தோம்பு, அதன் மேல் பெட்டிப் பலகையில் அப்பா அடித்துக் கொடுத்த இரண்டு தட்டு. விடியற்காலை பெரட்டுக்குப் போகும் முன்பு அம்மா நாலரை மணிக்கு எழுந்துவிடுவார். விளக்குக்கூட வேண்டாம். கையை நீட்டினால் உப்புச் சாடி கையில் வந்து உட்காரும். இன்னொரு கையை நீட்டினால் மிளகாய்த் தூள் டின். சமைத்து, எங்களுக்கு எடுத்து வைத்து, உளியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

தோட்டத்து வீடு, வேலையோடு வந்த வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு லயத்தைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ போய் ஒதுங்கிய தாய் தந்தையர் நம்மில் எத்தனை பேர்! என் தாயாரும் அப்படித்தான் என்னிடம் வந்தார். அம்மியைத் தூக்கி வர முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டார். கூடவே கொண்டு வந்தவை ஒரு பித்தளைப் பானை, ஒரு முறுக்கு உரல், ஓர் இட்லிக் கொப்பரை. இந்த மூன்றுக்கும் என் வீட்டில் நல்ல இடம் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில்தான் தவறும் பிறந்தது.

எங்கள் வீடு கிள்ளான் பக்கம், அடுக்குமாடியில் நான்காவது மாடி. 1998க்குப் பிறகு கட்டப்பட்ட மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளில் மூன்று அறைகளோடு ஏறக்குறைய 700 சதுர அடி என்பது பழக்கமான அளவு. அதில் குசினிக்குக் கிடைப்பது இரண்டு பாய் விரிக்கிற இடம்தான். அதனால் ஓர் அங்குலத்தையும் விடக்கூடாது என்று முடிவு செய்தேன். கேபினெட் செய்பவர் அளவு நாடாவோடு வந்தார். இரண்டு சுவரையும் ஒட்டி, 'ட' எழுத்தைப் போல ஒரு படம் போட்டுக் காட்டினார்.

"மூலையைச் சும்மா விட்டுடாதீங்க" என்றேன்.

"கவலைப்படாதீங்க டீச்சர். வீட்டுலேயே பெரிய இடம் அந்த மூலைதான்" என்றார் அவர்.

அவர் சொன்னது பொய்யில்லை. இடம் பெரியதுதான். கேபினெட் வந்து சேர்ந்ததும் அம்மாவின் பித்தளைப் பானை, கொப்பரை, முறுக்கு உரல் மூன்றையும் அந்த மூலையின் உள்ளே பத்திரமாகத் தள்ளி வைத்தேன். கதவைச் சாத்தினேன். குசினி படத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. அக்கம் பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமைதான்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் அம்மா இல்லை. குசினிக்குள் எட்டிப் பார்த்தவள் பதறிப்போனேன். கேபினெட் கதவு திறந்து கிடக்கிறது. வெளியே அம்மாவின் கால்கள் மட்டும் தெரிகின்றன. தலையும் ஒரு தோளும் உள்ளே இருக்கின்றன.

"அம்மா!"

"ஒண்ணுமில்ல பிள்ளை. முறுக்கு உரலை எடுக்கலாம்னு கையை விட்டேன். போன கை திரும்ப வரல."

முன்னால் இருந்த சட்டிகளை எல்லாம் வாரி வெளியே போட்டு, மெதுவாக அவரைத் திருப்பி எடுத்தேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கிளினிக்கில் தோள்பட்டை பிசகியிருக்கிறது, பல வாரம் கையைத் தூக்கக் கூடாது என்றார்கள். காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய தோள் அது. அத்தனை வருடம் மரக்காடு செய்யாததை என் கேபினெட் ஒரே நாளில் செய்துவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு முறுக்கைக் கடையில் வாங்கினோம். அதுகூடப் பெரிதில்லை. தோள் வலி குறைந்த பிறகும் அம்மா குசினிப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். ஒரு நாள் காரணம் கேட்டேன். கோபமில்லாமல்தான் சொன்னார்.

"அது உன் அடுப்படி பிள்ளை. அங்க எனக்கு ஒண்ணும் எட்டல."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லயத்தில் இருந்தபோது 'நம்ம அடுப்படி' என்பார். இப்போது 'உன் அடுப்படி' என்கிறார். வீட்டை விட்டு வந்த தாய், அடுப்படியையும் விட்டுவிட்டார். யார் அவரைத் தள்ளினார்கள்? நான்தான்.

மறுநாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்த மூலையின் முன் உட்கார்ந்தேன். கணக்கு இதுதான். கேபினெட்டின் ஆழம் இரண்டு பக்கமும் 2 அடி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் 2 அடிக்கு 2 அடி சதுரம். உயரம் இரண்டரை அடி. பெருக்கினால் 10 கன அடி. காகிதத்தில் நல்ல லாபம். ஆனால் அந்தச் சதுரத்துக்கு நேராகக் கதவு கிடையாது. பக்கத்தில் 1 அடி அகலக் கதவு ஒன்றுதான். கதவோரத்திலிருந்து கடைசி மூலை வரை குறுக்கே எவ்வளவு தூரம்? இரண்டை இரண்டால் பெருக்கினால் 4. இரண்டு நான்கு சேர்ந்தால் 8. எட்டின் வர்க்கமூலம் 2.83. அதாவது ஏறக்குறைய 2 அடி 10 அங்குலம். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, தோளிலிருந்து விரல் நுனி வரை கையை அளந்தேன். 2 அடி 1 அங்குலம்.

குறைந்தது 9 அங்குலம். அந்த 9 அங்குலத்துக்காகத்தான் அம்மா தலையையும் தோளையும் உள்ளே நுழைத்திருக்கிறார். நான் மூலை எவ்வளவு கொள்ளும் என்று கணக்குப் போட்டேனே தவிர, யாருடைய கை அங்கே எட்டும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

இதைப் பற்றி உலகத்தில் வேறு யாரும் யோசித்ததில்லையா என்று தேடிப் படித்தேன். வியன்னாவில் பிறந்த மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒருவர் இருந்தார். 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் சாதாரணக் குடும்பங்களுக்காகக் கட்டிய அடுக்கு வீடுகளுக்கு அவர் ஒரு சமையலறையை வரைந்து கொடுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர்; நம் கணக்கில் 70 சதுர அடிதான். ரயில் வண்டியின் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் சின்னச் சமையலறையைப் பார்த்து, ஒரு பெண் அடுப்புக்கும் தொட்டிக்கும் மேசைக்கும் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கெடுத்து வரைந்தாராம். அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்கு அலுமினிய இழுப்பறைகள். மாவில் புழு வைக்காமலிருக்க ஓக் மரப் பெட்டி. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்றைய கேபினெட் அடுப்படிகளுக்கு அதுவே முன்னோடி என்கிறார்கள். தமக்கு அப்போது சமைக்கவே தெரியாது என்று அந்த அம்மையாரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்! 2000ஆம் ஆண்டில், 103 வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்பு அவர் காலமானார்.

அந்த அடுப்படிக்கும் ஒரு குறை சொன்னார்கள். ஒருத்தி நின்று வேலை செய்வதற்குத்தான் அளவு சரி; இரண்டு பேர் நின்றால் இடிக்கும் என்று. இதைப் படித்ததும் சுருக்கென்றது. நானும் என் அளவுக்குத்தான் குசினியைச் செய்துகொண்டேன். அதில் அம்மாவின் கை அளவு எங்கே இருந்தது?

மூலைக்கான வழி புத்தகத்தில் கிடைக்கவில்லை. மஸ்ஜித் இந்தியாவில் கிடைத்தது.

பொங்கலுக்கு முன்பு, அம்மாவின் தோள் தேறிய பிறகு, அவரைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனேன். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி, துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையைக் கடந்து உள்ளே நடந்தோம். மஸ்ஜித் இந்தியாவை உங்களில் பலர் அறிவீர்கள். 1863இல் இந்திய முஸ்லிம்கள் மரத்தால் எழுப்பிய சிறிய பள்ளிவாசலின் பெயரே அந்தத் தெருவுக்கும் பெயராயிற்று. புடவைக் கடை, பூக்கடை, மளிகைக் கடை, எவர்சில்வர் பாத்திரக் கடை என்று நமக்கு வேண்டியவை எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும் இடம்.

ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்தோம். கடையின் அகலம் எங்கள் கூடத்தைவிடக் குறைவு. ஆனால் ஆயிரம் பாத்திரம் இருக்கும். கரண்டியும் சல்லடையும் கூரையிலிருந்து தொங்கின. உயரத்தில் உள்ளதை நுனியில் கொக்கி வைத்த நீளக் கம்பால் எடுத்துக் கொடுத்தார்கள். செம்பனைக் குலை வெட்டும் கம்பு ஞாபகம் வந்தது அம்மாவுக்கு. சிரித்துக்கொண்டார். பிறகு அவர் பார்வை கடையின் பின்பக்க மூலைக்குப் போனது.

"தம்பி, அந்த இருட்டு மூலையில என்ன வச்சிருக்கீங்க?"

"கல்யாண அண்டாம்மா. பாக்குறீங்களா?"

அந்தத் தம்பி மூலைக்குள் போகவில்லை. குனியவும் இல்லை. தரையில் கிடந்த ஒரு கயிற்றை எடுத்து இழுத்தார். கடகடவென்று சத்தத்தோடு சக்கரம் வைத்த பலகை ஒன்று மூன்று பெரிய அண்டாக்களைச் சுமந்துகொண்டு வெளிச்சத்துக்கு வந்து நின்றது.

"தூக்குனா இடுப்பு போயிடும்மா. இழுத்தா தானா வந்துடும்" என்றார்.

அம்மா என் முழங்கையைத் தொட்டார். "பாத்தியா பிள்ளை? அவரு மூலைக்குப் போகல. மூலை அவருகிட்ட வருது."

அன்று நாங்கள் அண்டா வாங்கவில்லை. இரண்டு கரண்டி மட்டும் வாங்கிக்கொண்டு, வரும் வழியில் வன்பொருள் கடையில் எட்டுச் சக்கரமும் நைலான் கயிறும் வாங்கினோம். ரயிலில் வரும்போது, தாளில் நான் படம் போட, அம்மா திருத்தினார்.

செய்தது இவ்வளவுதான். கதவுக்குப் பக்கத்தில் அசையாமல் அடித்திருந்த பலகையைக் கழற்றி, வாயை ஒன்றரை அடியாக்கினோம். 16 அங்குலச் சதுரத்தில் இரண்டு பலகை. ஒவ்வொன்றுக்கும் அடியில் நான்கு சக்கரம்; எல்லாப் பக்கமும் திரும்புகிற சக்கரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலையில் வளையாது. பாத்திரம் சரியாமலிருக்க ஓரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்குச் சட்டம். முன்பக்கம் கயிறு. மூலைக்குள் போகும் பலகையின் கயிறு மட்டும் நீளம். அதன் நுனியைக் கதவோரத்தில் ஓர் ஆணியில் மாட்டி வைத்தோம். வாயிலில் இருக்கும் முதல் பலகையை வெளியே இழுத்துவிட்டு, நீளக் கயிற்றைப் பிடித்தால் மூலைப் பலகை பக்கவாட்டில் நகர்ந்து வாயிலுக்கு வந்துவிடும். மொத்தச் செலவு ஒரு ஜோடி நல்ல காலணியின் விலைகூட ஆகவில்லை.

எல்லார் வீட்டுக்கும் இதே வழி பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். விசாரித்தும் பார்த்தும் தெரிந்துகொண்ட மற்ற வழிகளையும் சொல்கிறேன்.

கடைகளில் சுழலும் வட்டத் தட்டு கிடைக்கிறது. கையால் தள்ளினால் பின்னால் உள்ளது முன்னால் வரும். சாடி, போத்தல், மசாலை டின்களுக்கு நல்லது. ஆனால் சதுர இடத்துக்குள் வட்டம் வைத்தால் நூற்றில் 21 பங்கு இடம் போய்விடும். பிள்ளைகளிடம் கணக்குப் போடச் சொன்னால் சரியாகச் சொல்வார்கள். கனமான பாத்திரத்துக்கு அது தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். கதவோடு சேர்ந்து வெளியே வரும் கம்பித் தட்டும் உண்டு. வசதியானதுதான், விலை கூடுதல்.

புதிதாகக் கேபினெட் செய்யப் போகிறவர்கள், மூலையை மடக்காமல் குறுக்கே வெட்டி, அங்கேயே சாய்வாக அகலக் கதவு வைக்கச் சொல்லலாம். கொஞ்சம் நிற்கும் இடம் குறையும். ஆனால் மூலை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கும் இடமோ கூடமோ இருந்தால், அது பாரம் தாங்கும் சுவர் இல்லை என்று தெரிந்தவரிடம் உறுதி செய்துகொண்டு, அந்தப் பக்கமாகக் கதவு வைக்கலாம். அடுக்குமாடியில் நிர்வாகத்தைக் கேட்காமல் சுவரில் கை வைக்கக் கூடாது.

சிமெந்து மேடை உள்ளவர்கள் கவலைப்படவே வேண்டாம். கதவுக்குப் பதில் துணித் திரை போட்டு, அடியில் சக்கரப் பலகை வைத்தால் போதும். ஒன்றுக்கும் வழியில்லையா? மூலையை அடைத்து விட்டுவிடுங்கள். தோள்பட்டையைவிட 10 கன அடி பெரிதில்லை.

எதை அங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தினமும் எடுப்பதை மூலையில் வைக்கக் கூடாது. பொங்கல் பானை, முறுக்கு உரல், விருந்துக்கு எடுக்கும் பெரிய சட்டி போன்றவை போகலாம். உள்ளே இருப்பவற்றின் பெயரை எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால், தேடிக் கை விட வேண்டியதில்லை. வெங்காயம், உருளைக்கிழங்கு வேண்டாம். காற்றில்லாத இடத்தில் முளைவிட்டு அழுகும். அழுகல் வாடைக்குக் கரப்பான் பூச்சி குடும்பத்தோடு வந்துவிடும். தூள் பலகையில் செய்த கேபினெட் ஈரம் பட்டால் ஊதிப் போகும். பாத்திரத்தை நன்றாக உலர்த்தி வையுங்கள்.

முக்கியமாக ஒன்று. இடம் இருக்கிறதே என்று கேஸ் தோம்பை மூடிய மூலைக்குள் வைத்துவிடாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. கீழே இறங்கி மூலையிலேயே தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். தோம்பு எப்போதும் காற்றோட்டமான இடத்தில், நிமிர்ந்து நிற்க வேண்டும்.

பொங்கலன்று விடியற்காலை எனக்கு விழிப்பு வந்தபோது குசினியில் விளக்கு எரியவில்லை. ஆனால் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. எழுந்து போனேன். சன்னல் வழியாக நடைபாதை விளக்கின் மங்கிய வெளிச்சம். அம்மா நிமிர்ந்து நின்றபடியே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். பித்தளைப் பானை அவர் காலடியில் வந்து நின்றது.

"விளக்கைப் போடக் கூடாதாம்மா?" என்றேன்.

"எதுக்கு? எல்லாம் எங்க இருக்குன்னு தெரியுது" என்றார். பிறகு, அரிசி களைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "நம்ம அடுப்படியில வெல்லம் எங்க வச்சிருக்கோம்னு மட்டும் சொல்லு பிள்ளை."

'நம்ம அடுப்படி' என்ற சொல்லைக் கேட்டபோது என் கண் கலங்கிவிட்டது. வெல்லம் பழைய உப்புச் சாடிக்குப் பக்கத்தில், அவர் கைக்கு எட்டும் தட்டில்தான் இருந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கு அடுத்த தடவை கேபினெட் செய்பவர் அளவு நாடாவோடு வந்தால், சுவரை அளப்பதற்கு முன்பு, வீட்டிலுள்ள பெரியவர்களின் கையை ஒரு தடவை அளந்துகொள்ளச் சொல்லுங்கள்.